குலை தள்ளிய இரண்டாம் தாரம்

கார்த்திகேசு ஜோசியர் இனி வாழைப்பழத்தைத் தொடக் கூடாது என்று தீபன் சொன்னது மார்ச் மாதத்தில். தீபன் வாழை மரத்துக்குத் தாலி கட்ட வேண்டும் என்று கார்த்திகேசு ஜோசியர் சொன்னது ஜூலையில். இவ்வளவு பொறுமையாகப் பழிவாங்குகிற மனுஷனைத் தான் பார்த்ததே இல்லை என்றார் சுகுமாரன்.

தீபன் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகன். யார் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று சொல்வதுதான் வேலை. மேசைமேல் ரப்பரில் செய்த ஒரு கரண்டிச் சோறு, ரப்பர் கோழித்துண்டு, ரப்பர் வாழைப்பழம் எல்லாம் இருக்கும். ஜோசியர் வந்த அன்று அந்த ரப்பர் பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்குங்கய்யா. கிட்னி அதை வெளியேத்த முடியாம திணறுது. வாழைப்பழம் வேணாம்."

"வாழைப்பழம் நல்லதுன்னு நீங்கதானே சொவத்துல ஒட்டியிருக்கீங்க?"

ஒட்டியிருந்தது தீபன்தான். கை கால் முளைத்த வாழைப்பழம் ஒன்று அந்தத் தாளில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இதயத்துக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, குடலுக்கு நல்லது. ஒரு பழத்தில் நூறு கலோரி, மூன்று கிராம் நார்ச்சத்து, நானூறு மில்லிகிராம் பொட்டாசியம்.

"அது கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு."

"அப்ப கீழ அதையும் எழுதணும்லா தம்பி. பழம் கையை ஆட்டிக் கூப்புடுது. நானும் போயிட்டேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை சாப்புடுவீங்க?"

"நானா எங்க சாப்புடறேன்? ஜாதகம் பாக்க வாரவங்க தட்டுல வச்சுக் குடுக்கறாங்க. சாமிக்குப் படைச்சதை வீசவா முடியும்?"

"சாமிக்குப் படைச்சாலும் பொட்டாசியம் அப்படியேதான் இருக்கும்."

ஜோசியர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரப்பர் பழத்தைக் கீழே வைத்தார். அந்தப் பார்வைதான் ஜூலையில் வாழை மரமாக வந்து நின்றது என்பது சுகுமாரனின் கட்சி.

சுகுமாரன் தீபனின் அக்காள் புஷ்பலீலாவின் கணவர். மனநல மருத்துவமனைக்குப் பேர்போன தஞ்சோங் ரம்புத்தான் போகும் வழியில், ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு அவர்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஓடைவரை கிடந்த நிலம் யாருடையது என்று யாரும் கேட்காததால் அதில் வாழை வைத்திருந்தார். அவாக் வாழை. மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டால் குழைந்து போகாது. மாலையானால் வீட்டுக்கு முன்னால் பீசாங் கோரெங் கடை. கடைப் பலகையில் 'உடம்புக்கு நல்லது' என்று எழுதியிருந்தார். பொரித்த பிறகு அப்படிச் சொல்லக் கூடாது என்று தீபன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "பழம் உள்ளதானே இருக்கு? எண்ணெய் வெளியதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டார்.

தீபனின் மனைவி ஷாமினி இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. குளியலறைக்குப் போனாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவ்வளவுதான். தீபன் அழவில்லை. ஆம்புலன்ஸ்காரருக்குத் தெளிவாக வழி சொன்னான். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டான். சுடுகாட்டில் சொன்னதைச் செய்தான். அதன்பிறகும் சொன்னதையெல்லாம் செய்துகொண்டே இருந்தான். தண்ணீர் ஃபில்டர் விற்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வாங்கினான். அடுத்த மாதம் வேறு நிறுவனத்திலிருந்து இன்னொருத்தி வந்தாள். அவளிடமும் வாங்கினான். இரண்டும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் மூலையில் இருந்தன. அக்காள் மறுமணம் என்றாள். சரி என்றான்.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகும் சட்டைக்குள் இன்னோர் ஆள் நுழைய இடம் இருந்தது. புஷ்பலீலா ஞாயிறுதோறும் ஒரு சீப்புப் பழத்தை அவன் காடியின் பின்னிருக்கையில் வைத்து அனுப்புவாள். சுகுமாரன் வாட்சாப்பில் வந்த மருத்துவத்தை வாசித்துக் காட்டுவார்.

"காலையில ரெண்டு வாழைப்பழம் சாப்புட்டா மனக்கவலை ஓடிப்போயிரும்னு போட்டிருக்கான் மச்சான்."

"டிரிப்டோஃபான்னு ஒரு சத்து இருக்கு மாமா. பி6 வைட்டமினும் இருக்கு. அதுக்காகக் கவலை போயிராது. மலச்சிக்கல் போவும்."

"ஏதோ ஒண்ணு போனா சரிதான்லா."

ஆனால் அந்தச் சீப்பு ஒருநாளும் தீபனின் வீட்டுக்குள் போனதில்லை. ஷாமினிக்கு வாழைப்பழ வாடை ஆகாது. கனிந்த பழம் ஒன்று சமையலறையில் இருந்தால், மாடியில் படுத்திருப்பவள் இறங்கி வந்து கண்டுபிடித்துவிடுவாள். "செத்த எலி" என்பாள். தன் புருஷன் வாழைப்பழத்தைப் புகழ்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். திருட்டு சிகரெட் பிடிக்கிறவனைப்போல அவன் மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில், காடிக்குள் உட்கார்ந்து பழம் தின்றுவிட்டு, வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவான். "வாயைத் தெற" என்பாள் கதவைத் திறக்கும்போதே. மிட்டாய் ஒருநாளும் பலித்ததில்லை.

அவள் போன பிறகும் அதே வழக்கம். அவனுக்கு இறங்கியது அந்த ஒரு பழம்தான். அதையும் காடியில்தான் தின்றான். மிச்சம் மருத்துவமனைக் காவலாளிக்கு.

அக்காள் பார்த்த பெண் பீடோரில் இருந்தாள். பெயர் தினேஸ்வரி. கொய்யாப் பண்ணை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். பெண்ணின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பையனின் ஜாதகத்தை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். முதல் மனைவி போன காரணம் ஜாதகத்தில் இருந்தால் தன் மகளுக்கும் அது வரும். புஷ்பலீலா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு, தீபனையும் இழுத்துக்கொண்டு புந்தோங்கில் ஒரு ஜோசியர் வீட்டுக்குப் போனாள். அங்கே கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது கார்த்திகேசு ஜோசியர். பக்கத்துத் தட்டில் வாழைப்பழம். தீபனைக் கண்டதும் துண்டை எடுத்துத் தட்டை மூடினார்.

வெகுநேரம் கட்டம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு தாரம் போயிரும். மூணாவதுதான் நிக்கும்."

புஷ்பலீலா நெஞ்சில் கையை வைத்தாள். "அப்ப பீடோர் புள்ள ரெண்டாவதா வந்தா?"

"அதான் கூடாது. நடுவுல ஒண்ணு வேணும். கன்னி வாழையாப் பாத்துத் தாலி கட்டுங்க. கையோட வெட்டிச் சாய்ச்சுட்டுத் தலை முழுகுங்க. ரெண்டாவது கணக்கு முடிஞ்சிரும். அந்தப் புள்ள மூணாவதா வந்து தீர்க்காயுசா இருக்கும்."

"வேற மரத்துக்குக் கட்டலாமாங்கய்யா?" என்று தீபன் கேட்டான். அந்த ஓராண்டில் அவன் தனக்காகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வாழைதான் வழக்கம்." ஜோசியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஏன் தம்பி, ஒங்களுக்குக் கிட்னி நல்லாத்தானே இருக்கு?"

உலகத்தில் இத்தனை மரம் இருக்க, ஷாமினிக்குச் சக்களத்தியாக வந்தது வாழை. தீபனுக்குத் தொண்டைவரை ஏதோ ஒன்று வந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். அது வெளியே வராமல் திரும்பிப் போய்விட்டது. சரி என்றான்.

அன்று மாலை தினேஸ்வரி அழைத்தாள்.

"அம்மா சொன்னாங்க. எனக்கு முன்னாடி ஒரு வாழை மரம் வருதாமே?"

"ஆமா."

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. என்னைக் கட்டிக்கணும்னு வாரீங்களா, இல்ல யாரும் நிறுத்தலன்னு வாரீங்களா?"

தீபன் கைபேசியை மறுகாதுக்கு மாற்றினான்.

"இப்பவே சொல்ல வேணாம். கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னாப் போதும். ஒங்க அக்கா அந்தத் தண்ணி ஃபில்டர் கதை சொன்னாங்க. என்னையும் வாங்கிட்டுப் போயி மூலையில வச்சிராதீங்க."

பரிகாரம் விடியற்காலையில் நடந்தது. பக்கத்து வீட்டார் எழுவதற்குள் முடிக்க வேண்டும் என்பது புஷ்பலீலாவின் ஏற்பாடு. ஒரு வாரத்துக்கு முன்பே மரத்தைப் பார்த்து வைத்திருந்தாள். பூ வராத மரம். அன்று அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அடிமரத்தில் தன் பழைய சேலை ஒன்றைச் சுற்றியிருந்தாள். தீபனிடம் இருந்தது ஒரே பட்டு வேட்டி, ஷாமினியின் கழுத்தில் தாலி கட்டும்போது கட்டியது. அதையே கட்டிக்கொண்டு வந்தான். இருட்டில், கைபேசி வெளிச்சத்தில், மஞ்சள் கயிற்றை மரத்தைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டான். ஜோசியர் மந்திரம் சொன்னார். சுகுமாரன் வாயால் நாதஸ்வரம் வாசிக்கப் போய் மனைவியிடம் முழங்கையால் இடி வாங்கினார்.

"வெட்டுங்க தம்பி."

தீபன் பாராங் கத்தியை ஓங்கினான். அதற்குள் விடிந்துவிட்டது. சுகுமாரன் தற்செயலாக மேலே பார்த்தார்.

"டேய், நிறுத்துடா!"

இலைகளுக்கு நடுவே செவ்வூதா நிறத்தில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மரம் பூ விட்டிருந்தது.

"போன வாரம் பாத்தேனே, ஒண்ணுமே இல்லையே!" என்றாள் புஷ்பலீலா.

"தாலி கட்டி அஞ்சு நிமிசம் ஆவல," என்றார் சுகுமாரன். "அதுக்குள்ள முழுகாம இருக்கா. மச்சான், ஒன்னை என்னமோன்னு நெனைச்சேன்லா."

"வாயை மூடுங்க! ஐயா, இப்ப என்னா செய்யறது?"

ஜோசியர் தலையைச் சொறிந்தார். "குலை தள்ளுனதை வெட்டக் கூடாது. கர்ப்பிணியைக் கொன்ன பாவம் தனியா வந்து சேரும்."

"அந்தப் பக்கத்து மரத்துக்கு ஒண்ணு கட்டி வெட்டிட்டா?" என்று கேட்டாள் புஷ்பலீலா.

"அப்ப இது ரெண்டாவது, அது மூணாவது, பீடோர் புள்ள நாலாவது. கணக்கு ஒதைக்கும்."

"எங்க மரம் நிக்கட்டும்," என்றார் சுகுமாரன். மரம் கைவிட்டுப் போகிறதே என்று ஒரு வாரமாக மனத்துக்குள் அழுதவர் அவர். "மூணு மாசத்துல பழம் முத்திரும். அப்ப எப்படியும் வெட்டித்தானே ஆவணும்? பிரசவம் முடியட்டும்."

ஜோசியர் ஒப்புக்கொண்டார். கல்யாணம் தீபாவளிக்குப் பிறகு என்று பீடோருக்குச் செய்தி போனது. தீபன் கத்தியைக் கீழே வைத்தான். கை லேசாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மரத்தைப் பார்க்கப் போனான். யாரும் போகச் சொல்லவில்லை. குலை வளைந்து தொங்கத் தொடங்கியிருந்தது. அதன்பிறகு வேலை முடிந்து நடுவாரத்திலும் போனான். காற்றில் சாயாமல் இருக்க மூங்கில் முட்டுக் கொடுத்தான். வௌவாலும் குரங்கும் தொடாமல் குலைக்குச் சாக்கு மாட்டினான். சீப்புகள் எல்லாம் விரிந்ததும் சுகுமாரன் நுனிப் பூவை ஒடித்துக் கொடுக்க, புஷ்பலீலா அதில் வடை சுட்டாள். தீபன் ஒன்று தின்றான். இன்னொன்று கேட்டான். புஷ்பலீலா சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலும் மாவைத் தட்டினாள்.

"பொண்டாட்டி சமைச்சாத்தான் எறங்குது," என்றார் சுகுமாரன்.

மரத்தடியில் உட்கார்ந்திருக்கையில் சும்மா இருக்க முடியாமல் பேசத் தொடங்கினான். முதலில் மருத்துவமனையில் சொல்கிற பாடத்தையே சொன்னான். காயாக இருக்கும்போது மாவுச்சத்து, கனிந்தால் சர்க்கரை, தோலில் புள்ளி விழுந்தால் இனிப்பு அதிகம், நீரிழிவுக்காரர் பாதிப் பழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மரம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுப்புச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், "அவளுக்கு ஒன் வாடையே ஆவாது, தெரியுமா?" என்றான். வாயைத் திறக்கச் சொல்வதைச் சொன்னான். கடைசி நாள் காலையில்கூட அவள் அப்படிச் சொன்னதையும், அவன் எரிச்சலோடு போனதையும் சொன்னான். அவளைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை.

சுகுமாரன் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். "மரத்துக்கிட்ட பேசறான்," என்றார் மனைவியிடம். "பேசட்டும். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம்தானே, காடி எண்ணெய் மிச்சம்."

தினேஸ்வரியிடமிருந்து அவ்வப்போது செய்தி வரும். 'உங்க சம்சாரம் சௌக்கியமா?' தீபன் குலையைப் படம் எடுத்து அனுப்புவான். 'நல்லா இருக்கா. எடை கூடியிருக்கா.' 'நீங்க?' 'நானும் கொஞ்சம்.' கல்யாணத்தைப் பற்றி இருவரும் எழுதவில்லை. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. மரம் நிற்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது தீபனுக்குத் தெரியும். சாக்கைத் தூக்கிப் பார்க்கிறபோதெல்லாம் காய் உருண்டு திரண்டிருந்தது.

அக்டோபரில் மேல் சீப்பு மஞ்சள் கண்டது.

வெட்டுகிற அன்று தினேஸ்வரி தானே மைவி காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பெண் வரக் கூடாது என்று புஷ்பலீலா பதறினாள். "மூத்தவங்களைக் கடைசியா ஒரு தடவை பாத்துக்கறேன் அக்கா," என்றாள் அவள். ஜோசியர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுகுமாரன் குலையைப் பிடிக்கத் தோளில் சாக்கு போட்டுக்கொண்டு நின்றார். மஞ்சள் கயிறு மழையில் வெளுத்து, இன்னும் மரத்தைச் சுற்றிக் கிடந்தது. தீபன் அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"வெட்டுங்க தம்பி."

ஓங்கி ஒரே வெட்டு. கத்தி தடையே இல்லாமல் போனது. மரம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது தண்ணீரும் நாரும்தான். நீர் பீய்ச்சி அடித்தது. சுகுமாரன் குலையைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டார். இலைகள் சரசரவென்று தரையில் விழுந்தன. வெட்டுவாயிலிருந்து கறை வழிந்து வேட்டியில் தெறித்தது. வாழைக்கறை எந்த வெளுப்புக்கும் போகாது.

"தலை முழுகிருங்க," என்றார் ஜோசியர்.

புஷ்பலீலா வாளித் தண்ணீரை எடுத்து அவன் தலையில் ஊற்றினாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றும் இதே வாளியில், இவள்தான் ஊற்றினாள். இரண்டாவது குவளை விழுந்தபோது தீபன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முதலில் சிரிப்பு வந்தது. ஜூலையில் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது அது. சிரித்துக்கொண்டே இருந்தான். பாதியில் அது வேறொன்றாக மாறியது. வாய்விட்டு, மூக்கு ஒழுக, வெட்டிய அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

சுகுமாரனுக்குக் குலையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"மச்சான்," என்றார் மெதுவாக. "ரெண்டு சீப்பு வேணா நீயே வச்சுக்கலா."

அழுகை ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. தினேஸ்வரி ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். தீபன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நீங்க கேட்டீங்கல்ல. யாரும் நிறுத்தலன்னுதான் வந்தேன்."

"ம்."

"இப்ப நானே நிறுத்தறேன். ஒங்க மேல ஒரு குறையும் இல்ல."

"டேய்!" என்றாள் புஷ்பலீலா. வாளி கையிலிருந்து விழுந்து உருண்டது. "மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்து, எல்லாம் முடிஞ்சப்புறம்..."

"விடுங்க அக்கா," என்றாள் தினேஸ்வரி. "வாழை மரத்துக்கே இந்த அழுகைன்னா, மொத ஆளுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு அர்த்தம். அதை என் வீட்டுல வந்து அழுவாரு. நான் எத்தனை துண்டு துவைக்கறது?" மேல் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தோலை உரித்தாள். ஒரு கடி கடித்தாள். "மூத்தவங்க பழம் நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட நானே பேசிக்கறேன்."

காடியில் ஏறும்போது ஜன்னலை இறக்கினாள். "காத்துக்கிட்டு இருப்பேன்னு நான் சொல்லல. நம்பர் மட்டும் அதேதான்."

அவள் போனதும், எல்லாரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜோசியர் குலைப்பக்கம் கையை நீட்டினார்.

"ஐயா," என்றான் தீபன் திரும்பாமலே.

"பரிகாரப் பழம் தம்பி."

"பொட்டாசியம் போவாதுங்கய்யா."

ஜோசியர் கையை இழுத்துக்கொண்டார். அவனுடைய குரலில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. மேசைமேல் ரப்பர்ப் பழம் வைத்திருந்த ஆளின் குரல் போல இல்லை.

தீபன் ஒரு சீப்போடு ஈப்போவுக்குத் திரும்பினான். கார் நிறுத்துமிடத்தில் நிற்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசைமேல் சீப்பை வைத்தான். அந்த மேசையில் வாழைப்பழம் இருந்ததே இல்லை. தோலில் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. ஈர வேட்டியோடு எதிரே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வாடை கூடத்தில் பரவியது, படியேறி மாடிக்கும் போயிருக்கும்.

மேலிருந்து யாரும் இறங்கி வரவில்லை.

"செத்த எலிதான்," என்றான் உரக்க. "ஒத்துக்கறேன்."

எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டான். பிறகு உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்தான்.